கதவோரத்துக் கோல்கீப்பர்

"வா வா வா, உள்ள வா. பின்னாடி ஒருத்தன் வரான், ஒதுங்கிக்கோ. நீ போடா, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?" என்று ஒரு கையால் கதவைத் திறந்து, களைத்து வந்தவர்களை உள்ளே இழுத்து, காத்திருந்தவனை முதுகில் ஒரு தட்டுத் தட்டி வெளியே அனுப்பி, கதவை அடித்துச் சாத்துகிறார் கதவக்கா. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடுகிறார். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த இரண்டு பேர் நாக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆட்டம் முடிகிறவரை இதுதான் வேலை.

இது பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஹாக்கி. கால் இல்லாதவர்களும் இருந்தும் நடக்க முடியாதவர்களும், ஆணும் பெண்ணும் ஒன்றாகச் சேர்ந்த தேசிய அணி. தொட்டி மாதிரி ஒரு சின்ன இருக்கை, அதன் அடியில் இரண்டு கூரான எஃகுப் பட்டைகள். அதில் இடுப்பையும் காலையும் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு கையிலும் குட்டை மட்டை. மட்டையின் ஒரு முனையில் பற்கள் இருக்கும். பனியைக் குத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக. மறுமுனையால் கறுப்பு ரப்பர் வட்டை அடிக்கலாம். உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம்தானே என்று யாராவது நினைத்தால் ஒருமுறை தளத்தைச் சுற்றியிருக்கிற தடுப்பு வேலியோரம் போய் நிற்கட்டும். இரண்டு வண்டிகள் மோதுகிற சத்தத்தில் அடுத்த அடியைப் பின்னால்தான் வைப்பார்.

கதவக்கா இந்த அணியின் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால் இறங்க வேண்டியவர். முதல் கோல்கீப்பருக்கு ஏதும் ஆவதில்லை. அதனால் கதவக்கா முழு உடுப்போடு, மார்புக் கவசம், முகமூடி, வட்டைப் பிடிக்கிற தடிக் கையுறை என்று கல்யாணப் பெண் மாதிரி சிங்காரித்துக்கொண்டு வந்து, வீரர்கள் உட்காரும் அடைப்பின் கதவுப் பக்கம் இடம் பிடித்துவிடுவார். கதவைத் திறந்து மூடுவது சும்மா இருக்கிற இரண்டாம் கோல்கீப்பரின் வேலை என்பது இந்த ஆட்டத்தில் எழுதாத சட்டம். செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இருபது அடி தூரத்தில் ஒருவன் தோள் தொங்குவதைப் பார்த்தே, இவன் வரப்போகிறான் என்று தாழ்ப்பாளில் கை வைத்துவிடுவார். பசங்கள் வைத்த பெயர்தான் கதவக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள்.

பழக்கம் வீதிவரை வந்துவிட்டது. வங்கியோ ஆஸ்பத்திரியோ, கதவக்கா கதவோரம்தான் உட்காருவார். யாராவது கதவை நெருங்கினால் கை தானாக நீளும். ஒருமுறை பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வந்தவர்கள் எல்லாம் இவரிடமே "டாக்டர் வந்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் "பத்து நிமிஷத்துல வந்துடுவாரு, உக்காருங்க" என்று எல்லாரையும் உட்கார வைத்து, கடைசியில் தன் முறையைக் கோட்டை விட்டார். வீங்கின கன்னத்தோடு வீடு திரும்பியவரைப் பார்த்து அவர் கணவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

பிழைப்புக்கு ஒரு கடை. வணிக வளாகத்து மாடிப்படியின் கீழ், தலை நிமிர்ந்தால் இடிக்கிற உயரத்தில். மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றிப் புதுச் சுருள் கட்டித் தருகிறார். சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது: வண்டிகளில் வரிசையாக அணி, ஓரத்தில் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு கதவக்கா. சரிசெய்த விசிறியை வாங்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போவதில்லை.

"இது நீங்களா? நாட்டுக்காகவே ஆடறீங்களா?"

"டீம்ல இருக்கேன்."

"கோல்கீப்பரா? பரவால்லையே. எத்தன கோல் தடுத்திருக்கீங்க?"

"மூணு மாசம் கேரன்டிங்க. புகை வந்தா உடனே ஸ்விட்ச அணைச்சிட்டு எடுத்துக்கிட்டு வாங்க. நீங்களா கழட்டிப் பாக்காதீங்க."

கேட்டவர் விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கதவக்கா கொஞ்ச நேரம் கம்பியைத் தொடமாட்டார்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் எலும்பில் வந்த ஒரு கட்டி இடது காலை முழங்காலுக்கு மேலே கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் செயற்கைக் காலைப் பற்றித்தான் பேசுவார். அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். "தொடைக்கணும், பவுடர் போடணும், வெயில்ல வெக்கக் கூடாது, கொஞ்சம் கவனிக்கலன்னா கோவிச்சுக்கிட்டு நடக்க மாட்டாரு. மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற என்ன சொல்ல?" என்பார். "அப்ப நான் யாரு?" என்று பள்ளி வேன் ஓட்டுகிற கணவர் கேட்டால், "நீங்க டிரைவர்" என்று பதில் வரும். ஆட்டத்தின்போது மாப்பிள்ளை பெஞ்சுக்கு அடியில் பயிற்சியாளரின் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்.

ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் நடக்கிற ஒரு சங்கதியை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் வாய் திறந்ததில்லை. மற்றவர்கள் சட்டையைப் பிழிந்தால் குடம் தண்ணீர் வரும். கதவக்காவின் சட்டை, போட்ட மடிப்புக் கலையாமல் இருக்கும். அதை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம்தானே? மாட்டார். வியர்வை நாறுகிற சட்டைகளின் நடுவில் அதையும் சுருட்டிப் போட்டு, கையால் ஒரு அமுக்கு அமுக்கி, கூடையைத் துவைக்க அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவார்.

கோல் தடுப்பது அவருக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் பயிற்சியில் அத்தனை பேரும் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள், பாதிக்கு மேல் பிடித்துவிடுகிறார். ஆனால் அதை அவர் சேர்த்தியாகவே நினைப்பதில்லை. கணவரிடம் ஒருநாள் வேனில் உட்கார்ந்து சொன்னார்:

"நம்ம பசங்க அடிக்கறது ஒரு அடியாங்க? 'அக்கா, பாத்து'ன்னு மனசுல சொல்லிக்கிட்டே அடிக்கறானுங்க. எனக்கு அது வேணாம். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன், என்னத் தோக்கடிக்கணும்னு மனசார நெனச்சு, முழு பலத்தோட, என்ன நோக்கி ஒரே ஒரு தடவ அடிக்கணும். அத நான் பிடிக்கணும். பிடிக்கலன்னாக் கூடப் பரவால்ல. இல்ல, பிடிக்கணும்."

"இலவு காத்த கிளி" என்றார் கணவர்.

"கிளியாவது பறந்து போயிடும். நான் வாரப் போட்டுக் கட்டிக்கிட்டுல்ல உக்காந்திருக்கேன்."

முதல் கோல்கீப்பரை அவர் தம்பி என்று கூப்பிடுகிறார். இருபத்தைந்து வயது, பிறவியிலேயே இரண்டு கால்களும் வளராதவன், கை மட்டும் பாம்பு மாதிரி நீளும். சாப்பிட்டானா, தூங்கினானா, கையுறை காய்ந்ததா என்று பெற்ற தாய்க்கு மேல் கவனித்துக்கொள்கிறார். அதே மனசு, அவனுக்கு ஒரு சின்னச் சுளுக்கு வராதா என்றும் ஏங்குகிறது. பெரிதாக வேண்டாம், ஒத்தடம் கொடுத்தால் போய்விடுகிற மாதிரி, ஒரு அரை மணி நேரத்துக்கு. இதை மனசுக்குள் வைத்துப் புழுங்கத் தெரியாதவர் ஆனபடியால் அவனிடமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தம்பி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னிக்கு எந்தப் பக்கம் சுளுக்கு? வலதா, எடதா? சொன்னா வசதியா இருக்கும்" என்று கேட்பான். "போடா, உன் வாயில சுளுக்கு" என்பார் இவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். தம்பி உள்ளே போவான். இவர் கதவைச் சாத்துவார்.

ஒரே ஒரு முறை வாய்ப்பு வந்தது. வெளியூர் ஆட்டம். மணிக்கணக்கில் வார் இறுக்கினபடி உட்கார்ந்தால் இருக்கிற ஒரு காலும் மரத்துப்போகும்; எப்படியும் நம்மைக் கூப்பிடப் போவதில்லை என்று கதவக்கா வாரை எல்லாம் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்து பழகியவர்கள்தான் செய்யக்கூடிய தப்பு அது. தம்பி அடிபட்டு விழுந்தான். "இறங்குங்க, இறங்குங்க" என்று பயிற்சியாளர் கத்தினார். கதவக்கா குனிந்து வாரைத் தேடினார். ஒரு கொக்கி இருக்கைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றினால் விரல் குளிரில் விறைத்துக்கொள்கிறது. கழற்றாவிட்டால் கொக்கி பிடிபடவில்லை. "கையும் ஓடல, இருக்கற ஒத்தக் காலும் ஓடல" என்று இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறார். கொக்கியை மாட்டி நிமிர்வதற்குள் தம்பி தலையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ஒண்ணும் இல்ல சார், நானே பாத்துக்கறேன்."

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது பசங்கள் பாட்டுப் போட்டு ஆடினார்கள். கதவக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் வார் கடைசித் துளைவரை இறுகியிருக்கும். ஆட்டம் முடிந்து அவிழ்த்தால் காலில் சிவப்புச் சிவப்பாகப் பட்டை விழுந்திருக்கும். பிசியோதெரபிஸ்ட் அம்மா கண்டபடி திட்டுவார். "எறங்காத ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு இறுக்கம்? ரத்த ஓட்டம் நின்னு போச்சுன்னா?" கதவக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் ஒரு துளை போட முடியுமா என்று பார்ப்பார்.

இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டித் தொடர் சொந்த ஊரிலேயே நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான உலகக் குளிர்கால விளையாட்டுப் பெருவிழாவுக்குப் போகிற கடைசி இடத்துக்கான போட்டி. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியாளர் கதவக்காவை லிஃப்ட் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர்; கெட்ட செய்தி சொல்லும்போது எதிரே இருப்பவரின் காதைப் பார்த்துப் பேசுவார்.

"ரெண்டாவது கீப்பரா ஒரு புதுப் பொண்ண எடுக்கறாங்க. பத்தொம்பது வயசு. நாளைக்கு ஜெயிச்சா, குளிர்கால விளையாட்டுக்கு அவதான் வருவா. நாளைய ஆட்டம்தான் உங்களுக்கு..."

"புரியுது சார்."

"நீங்க எங்களோடவே இருக்கணும். சாமான் சட்டெல்லாம் பாத்துக்கறதுக்கு ஆள் வேணும். கதவும் உங்களத் தவிர யாருக்கு இவ்வளவு கச்சிதமா வருது?"

"பாக்கலாம் சார்."

"வருத்தம் இல்லையே?"

"இதுல என்ன சார் வருத்தம். வயசாகுதுல்ல."

லிஃப்ட் வந்தது. பயிற்சியாளர் உள்ளே போகிறவரை கதவு மூடாமல் கையால் மறித்துக்கொண்டு நின்றார் கதவக்கா.

சாயங்காலம் கணவர் வேனோடு வந்தார். பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டாயிற்று. சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.  பாதித் தூரம் போனதும் கணவர், "அழறதுன்னா அழுதுடு. யாரும் இல்ல" என்றார்.

"அழுகை வந்தா அழ மாட்டேனா? வயிறுதான் எரியுது. கதவத் தெறக்கத்தான் ஆள் வேணும்னா ஒரு ஸ்பிரிங் வாங்கி மாட்டட்டுமே. நான் எதுக்கு?"

"சரி, வேணாம்னு சொல்லிடு."

"எத வேணாம்னு சொல்றது? குடுத்தாத்தான வேணாம்னு சொல்ல." உருண்டு வந்த பாட்டிலைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "ஒரே ஒரு அடிங்க. நான் என்ன மலையையா கேட்டேன்?" என்றார். அப்போதுதான் குரல் உடைந்தது. கணவர் வேனை ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அரங்கில் கூட்டம் இருந்தது. கணவர் வழக்கமான இடத்தில், அணி உட்காரும் அடைப்புக்கு நேர் எதிரே, பிளாஸ்க்கோடு. இத்தனை வருடத்தில் அவர் ஒரு ஆட்டத்தையும் ஒழுங்காகப் பார்த்தது கிடையாது. யார் ஜெயித்தது என்று கேட்டால் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வார். அவர் பார்ப்பது கதவோரத்தை மட்டும்தான்.

கதவக்கா வாரை இறுக்கினார். கடைசித் துளை. கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். தம்பி முகமூடியை இறக்கிக்கொண்டே வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அன்றைக்கு அவன் வேடிக்கை பேசவில்லை. அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "அக்கா" என்றான். "போடா, நல்லா ஆடு" என்று முதுகில் தட்டினார். உண்மையாகவேதான் சொன்னார். அன்றைக்கு அவன் விரல்நகம்கூட நோகக் கூடாது என்று இருந்தது அவருக்கு. அவனைப் பார்த்து ஏங்கினது போதும், கடைசி நாளாவது சுத்தமான மனசோடு உட்கார்ந்துவிட்டுப் போவோம் என்று நினைத்துக்கொண்டார்.

எதிர் அணியில் ஒரு தாடிக்காரன். அவன் அடித்தால் வட்டு கண்ணுக்குத் தெரியாது, வேலியில் படுகிற சத்தம்தான் தெரியும். முதல் பாகத்தில் ஒரு கோல் போட்டான். நம் பசங்கள் இரண்டாம் பாகத்தில் இரண்டு போட்டார்கள். ஒரு கோல் முன்னிலை. கதவக்கா திறந்தார், சாத்தினார், திறந்தார், சாத்தினார். தொண்டை கட்டிப்போயிற்று. வலது பாதம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

கடைசிப் பாகத்தில், முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, தாடிக்காரனும் நம் ஆள் ஒருவனும் ஒன்றாக மோதி, இரண்டு வண்டியும் சறுக்கிக்கொண்டு வந்து கோல் வாசலில் தம்பியின் மேல் விழுந்தன. மற்ற இருவரும் வண்டியை நிமிர்த்திக்கொண்டார்கள். தம்பி நிமிரவில்லை. கையுறையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். மருத்துவர் போய்க் கையுறையைக் கழற்றினார். கட்டைவிரல் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ ராத்திரி கதவக்கா கனவில் பார்த்த பார்வை அது. அந்தப் பார்வை நிஜமாகவே வந்தபோது கதவக்கா அதைக் கவனிக்கவே இல்லை. தம்பியை வண்டியோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதாடா? நான் சத்தியமா இன்னிக்கு ஒண்ணும்..."

"அக்கா, அத அப்பறம் விசாரிங்க" என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு. "கோல் காலியாக் கெடக்கு."

கதவக்கா முகமூடியை இறக்கினார். வார் இறுக்கமாக இருந்தது. அவர் போவதற்குக் கதவைப் பிடிக்க ஆள் இல்லை. பயிற்சியாளரே வந்து தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "தூக்கி இழுங்க சார். தூக்கி" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மட்டையைப் பனியில் குத்தி வெளியே போனார்.

அடைப்புக்குள்ளிருந்து பார்த்தபோது சின்னதாகத் தெரிந்த தளம் உள்ளே வந்ததும் கடலாகக் கிடந்தது. கோல் கம்பி இரண்டையும் மட்டையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எதிரே கூட்டத்தில் கணவர் எழுந்து நின்றிருந்தார்; பின்சீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதும் தெரிந்தது. அப்புறம் விசில் கேட்டது, அப்புறம் அவருக்கு வட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

தாடிக்காரன் முட்டாள் இல்லை. புதிதாக இறங்கியவர், நடு வயசு அம்மா, ஆட்டம் முழுக்க உட்கார்ந்து உடம்பு விறைத்துப்போயிருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டான். வட்டு கிடைத்ததும் யாருக்கும் தள்ளிவிடவில்லை. ஒருவனை ஏமாற்றினான், இரண்டாமவனைத் தோளால் இடித்துத் தள்ளினான். நடுவில் யாருமில்லை. முகமூடிக்குள் அவன் கண் தெரிந்தது. அதில் அக்காவும் இல்லை, பாவமும் இல்லை. உன்னைத் தாண்டிப் போட்டே தீருவேன் என்கிற வெறி மட்டும் இருந்தது. கதவக்காவுக்கு அந்த ஆளைப் பார்க்கப் பார்க்க ஒரு சந்தோஷம் பொங்கியது. அடிடா என்று உதடு அசைந்தது. அவன் உடம்பை வில்லாக வளைத்து அடித்தான்.

வட்டு கழுத்துக்கு நேராக வந்தது. கை தானாகப் போயிற்று. உள்ளங்கையில் சம்மட்டி இறங்கினாற்போல் ஒரு அடி, தோள்வரை அதிர்ந்தது, வண்டி பின்னால் நகர்ந்து கோல் கம்பியில் முட்டி நின்றது. அரங்கமே ஒரு கணம் வட்டைத் தேடியது. கோலுக்குள் இல்லை. பனியில் இல்லை.

கீப்பர் பிடித்துவிட்டதாக நடுவர் விசில் ஊதினார். பசங்கள் மட்டையால் வண்டியைத் தட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். அடைப்பிலிருந்து தம்பி நல்ல கையால் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தான். நடுவர் சறுக்கிக்கொண்டு வந்து குனிந்து கையை நீட்டினார். ஆட்டம் மறுபடி தொடங்க வேண்டும், நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

"குடுங்கம்மா."

கதவக்கா கையுறையைப் பார்த்தார். மூடின கைக்குள் அது கனமாக, கெட்டியாக, இன்னும் குளிர்ச்சியோடு இருந்தது.

"அம்மா, வட்டக் குடுங்க. ஆட்டம் நிக்குது."

கேட்டது அவருக்கு. தலையைக்கூட ஆட்டினார். ஆனால் அடுத்த கையில் இருந்த மட்டையைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கையையும் கையுறையின் மேல் வைத்து, மார்போடு சேர்த்துப் பொத்திக்கொண்டார்.